மாமோகிராம் செலவை மெடிக்கல் இன்சூரன்ஸ் தருமா?

கேள்வி பாளையங்கோட்டையிலிருந்து: 45 வயது மனைவிக்கு எந்தத் தொந்தரவும் இல்லை, முன்னெச்சரிக்கையாக மாமோகிராம் (மார்பகப் புற்றுநோயைக் கண்டறியும் எக்ஸ்ரே) எடுத்தால் பாலிசியில் பணம் கிடைக்குமா?

பெரும்பாலும் கிடைக்காது. நம் பாலிசிகள் படுக்கையில் சேர்ந்து எடுக்கும் சிகிச்சையை வைத்தே எழுதப்பட்டவை. பரிசோதனைக்காக மட்டும் அட்மிட் ஆனாலும் பணம் தரமாட்டார்கள். அமெரிக்காவில் 2010-ல் வந்த சட்டப்படி பெரும்பாலான தனியார் காப்பீடுகள் 40 வயதும் அதற்கு மேலும் ஆன பெண்களுக்கு இதைக் கட்டணமின்றித் தந்தாக வேண்டும். அப்படியொரு கட்டாயம் இங்கேயும் வரத்தான் வேண்டும். கட்டி சிறிதாக இருக்கும்போதே பிடித்தால் பிழைக்கும் வாய்ப்பும் கூடும், செலவும் குறையும்.

இப்போதைக்கு உங்கள் பாலிசியில் 'ஆண்டு உடல் பரிசோதனை' பலன் உண்டா, அதில் மாமோகிராம் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பரிசோதனையில் புற்றுநோய் தெரிந்து அறுவைக்குச் சேர்ந்தால், சேர்வதற்கு முந்தைய 30 அல்லது 60 நாள் செலவை அதே நோய்க்கானது என்று கேட்கலாம். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள்: டாக்டர் சீட்டு இருக்காது, இல்லாவிட்டால் நாள் கடந்திருக்கும். சீட்டு, ஒரிஜினல் பில், ரிப்போர்ட் மூன்றையும் ஒரே உறையில் வையுங்கள்.

மாதவிலக்கு முடிந்த அடுத்த வாரம் எடுத்தால் வலி குறைவு. அன்று அக்குளில் பவுடர், சென்ட் கூடாது. அந்தத் துகள் படத்தில் சுண்ணாம்புப் புள்ளி மாதிரி வெள்ளையாகத் தெரிந்து, புற்றுநோயோ என்று வீண் பயம் காட்டும். பழைய படம் இருந்தால் கொண்டுபோங்கள்.

பாலிசியே இல்லாத, முக்கூடல் பக்கம் பீடி சுற்றும் அக்காமார் 30 வயதிலிருந்தே ஆரம்ப சுகாதார நிலையத்தில் மார்பகப் பரிசோதனையை இலவசமாகச் செய்துகொள்ளலாம். அங்கே கையால் தடவித்தான் பார்ப்பார்கள். சந்தேகம் என்றால் பாளையங்கோட்டை ஐகிரவுண்டிலுள்ள அரசுப் பெரியாஸ்பத்திரிக்குச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.