கோளாறு கம்பியிலா, கோடிலா? சீரியல் போர்ட் கேள்வி பதில்

வியாசர்பாடியில் எடைமேடை இண்டிகேட்டர்களை, அதாவது லாரி எடையைக் காட்டும் பெட்டிகளை, பழுது பார்க்கிறேன். மணலி, மாதவரம், எண்ணூர் பக்கத்து லாரி யார்டுகள்தான் என் பிழைப்பு. ஆர்டுயினோ போன்ற போர்டுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே சீரியலில், அதாவது வரிசையாக பிட் பிட்டாக அனுப்பும் முறையில், வரும் தகராறு எதுவானாலும் கேளுங்கள். வைஃபை, மொபைல் ஆப் எல்லாம் வேறு ஆளிடம்.

கொருக்குப்பேட்டை, டிப்ளமோ மாணவர்: அண்ணா, ஆர்டுயினோ நானோ போர்டைச் செருகினா லைட் எரியுது, ஆனா காம் போர்ட் லிஸ்ட்லயே வரலை. போர்டு போயிடுச்சா?

லைட் எரிந்தால் 5 வோல்ட் வருகிறது, அவ்வளவுதான் தம்பி. யுஎஸ்பி கேபிளில் கரண்டுக்கு இரண்டு கம்பி, டேட்டாவுக்கு இரண்டு கம்பி. சார்ஜருடன் வரும் மலிவு கேபிள்கள் சிலவற்றில் டேட்டா கம்பியே இருக்காது. சீரியல் போர்ட்டுகளை காம் போர்ட் என்று விண்டோஸ் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு கேபிளைப் பிடுங்கிச் செருகு. பட்டியல் அசையவே இல்லையா, கேபிளை மாற்று. மஞ்சள் முக்கோணத்தோடு ஏதாவது வந்தால் டிரைவர் இல்லை. அசலைப் பார்த்துச் செய்த குளோன் போர்டுகளில் பெரும்பாலும் யுஎஸ்பியைச் சீரியலாக மாற்றும் சிஹெச்340 சிப்தான் இருக்கும், அதற்கான டிரைவரைப் போடு. கேபிளை மாற்றாமல் விண்டோஸை மறுபடி இன்ஸ்டால் செய்யும் ஆட்களைப் பார்த்திருக்கிறேன்.

வண்ணாரப்பேட்டை: சீரியல் மானிட்டரில் கட்டம் கட்டமாக, கேள்விக்குறியாக வருகிறது.

பாட் ரேட், அதாவது நொடிக்கு எத்தனை பிட் என்ற வேகம், இரண்டு பக்கமும் ஒத்துப்போகவில்லை. போர்டில் ஏற்றிய கோடில் (புரோகிராமில்) 115200, போர்டு அனுப்புவதைக் காட்டும் மானிட்டர் விண்டோவில் 9600 என்று இருக்கும். இஎஸ்பி8266 என்ற வைஃபை சிப் உள்ள போர்டு என்றால் பவர் போட்டதும் வரும் முதல் சில வரிகள் 74880-இல் வரும். அந்தக் குப்பையைக் கண்டு பயப்பட வேண்டாம்.

ராயபுரம்: போர்ட் காட்டவில்லை, லைட் மட்டும் எரிகிறது.

முதல் பதில்.

மணலி, கன்டெய்னர் யார்டு: எடைமேடை இண்டிகேட்டரின் ஆர்எஸ்-232 (பழைய சீரியல் முறை) வயரை யுஎஸ்பி கன்வெர்ட்டர் வழியாக கம்ப்யூட்டரில் கொடுத்து பைத்தானில் படிக்கிறோம். பாட் ரேட் 9600, சரிதான். ஆனால் 0, 3, 5, 6, 9 மட்டும் ஒழுங்காக வருகின்றன. 1 வரவேண்டிய இடத்தில் ±, 2-க்கு ², 4-க்கு ´. இண்டிகேட்டர் ஆள் சாஃப்ட்வேர் என்கிறார், சாஃப்ட்வேர் ஆள் வயர் என்கிறார்.

சார், இன்றைக்கு வந்ததிலேயே உருப்படியான கேள்வி இதுதான். எது வருகிறது, எது வரவில்லை என்று எழுதினீர்கள் பாருங்கள், பாதி வேலை அங்கேயே முடிந்தது. வயர் கெட்டிருந்தால் எண் பார்த்துக் கெடுக்காது. எல்லாமே சிதறும்.

உங்கள் இண்டிகேட்டர் 7 பிட், ஈவன் பாரிட்டியில் அனுப்புகிறது. ஈவன் பாரிட்டி என்றால் ஒன்றுகளின் எண்ணிக்கை இரட்டைப்படையாக வரும்படி, சரிபார்க்க ஒரு பிட் கூடச் சேர்ப்பது. பைத்தான் 8 பிட், பாரிட்டி இல்லை என்று எடுத்துக்கொண்டு படிக்கிறது. இரண்டிலும் தொடக்கத்தையும் முடிவையும் காட்டும் ஸ்டார்ட், ஸ்டாப் பிட்கள் சேர்த்து மொத்தம் 10 பிட்தான் என்பதால் எங்கும் எர்ரர் வராது. பாரிட்டி பிட் போய் எட்டாவது பிட்டாக உட்கார்ந்துகொள்ளும். '1' என்ற எழுத்தின் ஆஸ்கி எண் (எழுத்துக்குக் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் எண்) 49, அதை இரும எண்ணாக எழுதினால் மூன்று ஒன்றுகள். இரட்டைப்படை ஆக்க இண்டிகேட்டர் இன்னொரு ஒன்று சேர்க்கிறது. அது உங்கள் பக்கம் 128 ஆகக் கூடி 177 ஆகிறது. 177 என்றால் ±. '3' என்பது 51, அதில் நான்கு ஒன்றுகள். சேர்க்க எதுவும் இல்லை, அப்படியே வருகிறது. 0, 3, 5, 6, 9 ஐந்தும் இந்த ரகம். மற்ற ஐந்தும் அடி வாங்கும். 7, 8 வரும் லாரியைப் பாருங்கள், அவையும் கெட்டிருக்கும்.

போர்ட்டைத் திறக்கும்போது பைட்சைஸ் 7, பாரிட்டி ஈவன் என்று கொடுங்கள், தீர்ந்தது. கூடவே ஒன்று. இண்டிகேட்டர் நிறுத்தாமல் அனுப்பிக்கொண்டே இருக்கும். நடுவில் நுழைந்து படித்தால் 23450 கிலோ லாரி 3450 ஆகப் பதிவாகும். தொடக்கக் குறி வரும்வரை வந்ததை எல்லாம் தள்ளிவிட்டு, அதிலிருந்து முடிவுக் குறி வரை படியுங்கள். எந்தக் குறி என்பது மாடலுக்கு மாடல் மாறும், மேனுவலில் இருக்கும்.

இனி இரண்டு ஆட்களும் ஒருவர் மேல் ஒருவர் பழி போட்டால் இதைச் செய்யுங்கள்: இண்டிகேட்டர் பக்கம் வயரைக் கழற்றி, அந்த முனையில் டிஎக்ஸ் (அனுப்பும் கம்பி), ஆர்எக்ஸ் (வாங்கும் கம்பி) இரண்டையும் ஒரு சின்னக் கம்பியால் சேர்த்துவிட்டு டெர்மினலில் ஏதாவது தட்டுங்கள். தட்டியது திரும்பி வந்தால் கம்ப்யூட்டர், டிரைவர், கன்வெர்ட்டர், வயர் நான்கும் நல்லபடி இருக்கின்றன.

பெயர் வேண்டாம் என்றவர்: அந்த வயரில் நடுவே ஒரு போர்டு வைத்து 200 கிலோ கூட்டிக் காட்ட முடியுமா?

செய்து தர முடியாது. சட்டமுறை எடையளவுச் சட்டம், 2009 என்று ஒன்று இருக்கிறது. அடுத்த கேள்வி.

பெரம்பூர், பொறியியல் மாணவி: பைத்தானில் போர்ட்டைத் திறந்ததும் அனுப்பும் முதல் கட்டளை மட்டும் காணாமல் போகிறது. சீரியல் மானிட்டரில் சரியாக இருக்கிறது.

உங்களுடையது ஆர்டுயினோ ஊனோ என்றால், போர்ட்டைத் திறந்ததும் அது ரீசெட் ஆகும்மா. கம்ப்யூட்டர் தயார் என்று காட்டும் டிடிஆர் லைன் ஒரு 0.1 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர் வழியாக ரீசெட் பின்னைத் தட்டுகிறது. கோடு ஏற்றும்போது கையால் பட்டன் அமுக்காமல் இருக்க அந்த ஏற்பாடு. நீங்கள் உடனே அனுப்பும் கட்டளை, புதுக் கோடை ஏற்றிக்கொள்ளும் பூட்லோடர் என்ற சின்ன புரோகிராமின் கையில் சிக்கிவிடுகிறது. திறந்தபின் 2 விநாடி பொறுங்கள். அதைவிட நல்லது, போர்டு 'ரெடி' என்று அனுப்பட்டும், அது வந்தபின் நீங்கள் பேசுங்கள். சீரியல் மானிட்டரில் நீங்கள் தட்டி முடிப்பதற்குள் போர்டு எழுந்துவிடுகிறது.

மாதவரம்: 'ஆக்சஸ் டினைட்' வருகிறது.

சீரியல் மானிட்டரை மூடுங்கள். விண்டோஸில் ஒரு போர்ட்டை ஒரு நேரத்தில் ஒரு புரோகிராம்தான் பிடிக்க முடியும்.

ஓட்டேரி: பழைய கம்ப்யூட்டரின் 9 பின் போர்ட்டிலிருந்து நேராக ஊனோவின் 0, 1 பின்களுக்குக் கொடுக்கலாமா?

கூடாது. ஆர்எஸ்-232-இல் 'ஒன்று' என்றால் மைனஸ் 3-இலிருந்து மைனஸ் 15 வோல்ட் வரை, 'பூஜ்யம்' என்றால் பிளஸ். ஊனோவுக்குத் தெரிந்ததோ 0, 5 மட்டும். பின் எரியும், எரியாவிட்டாலும் தலைகீழாகப் படிக்கும். நடுவில் வோல்டேஜை மாற்றித் தரும் மேக்ஸ்232 சிப் வையுங்கள். கிரவுண்டையும் சேருங்கள். அதை மறந்துவிட்டு மற்ற எல்லாவற்றையும் மாற்றிப் பார்ப்பார்கள்.

வியாசர்பாடி: உபுண்டு 22.04-இல் போர்ட் வந்து உடனே மறைகிறது.

பார்வையற்றோருக்கான பிரெய்ல் கருவி என்று நினைத்து பிஆர்எல்டிடிஒய் என்ற சேவை சிஹெச்340-ஐப் பிடித்துக்கொள்கிறது. உங்களுக்குத் தேவையில்லை என்றால் நீக்குங்கள். பெர்மிஷன் எர்ரர் வந்தால் சீரியல் போர்ட்டைத் தொட அனுமதி உள்ள டயல்அவுட் குழுவில் உங்கள் பயனரைச் சேர்த்து, லாக்அவுட் செய்து திரும்ப வாருங்கள்.

தண்டையார்பேட்டை: அண்ணே, காம் போர்ட் வரலை…

கேபிள், டிரைவர். மேலே இரண்டு தடவை வந்துவிட்டது. படித்துவிட்டுக் கேளுங்கள்.

பெரம்பூர், இன்னொருவர்: ஊனோவில் 115200 என்றால் 2.1 சதவீதம் பிழை. எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு அதைப் போடுகிறார்கள். 9600 தவிர எதுவும் நம்பகமில்லை.

திருவொற்றியூர்: வருஷக்கணக்கா 115200-லதான் ஓட்டுறேன், ஒரு எழுத்து தவறல. புத்தகக் கணக்கு வேற, வேலை வேற.

இரண்டு பேர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஊனோவின் 16 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தை முழு எண்ணால் வகுத்து 115200 கொண்டுவர முடியாது, கிடைப்பது 117647. ஆனால் அசல் ஊனோவில் யுஎஸ்பி பக்கம் இருக்கும் 16யு2 சிப்பும் 16 மெகாஹெர்ட்ஸில்தான் ஓடுகிறது. அதுவும் அதே 117647-இல்தான் பேசும். இரண்டு கடிகாரமும் ஒரே அளவு முந்தினால் யாருக்குத் தாமதம்?

பெரம்பூர்: அது அசல் போர்டு. குளோனில் சிஹெச்340 சரியான 115200-இல் பேசுமே?

பேசும். அங்கே பிழை நிஜம்தான். கடைசி ஸ்டாப் பிட்டின் நடுவுக்குப் போவதற்குள் 9.5 பிட் நேரம் ஆகிறது. 2.1 சதவீதம் என்றால் 0.2 பிட் நகர்கிறது. அரை பிட் நகர்ந்தால்தான் தப்பாகப் படிக்கும். அதனால்தான் அவருக்கு ஓடுகிறது. துல்லியமான துடிப்பு தரும் கிரிஸ்டல் இல்லாமல், உள்ளேயே இருக்கும் ஆசிலேட்டரில் ஓட்டும் சிப் என்றால் கதை வேறு. ஊனோவின் மூளையான ஏடிமெகா328பி சிப்பில் ஃபேக்டரி அளவீடே பிளஸ் மைனஸ் 10 சதவீதம். அங்கே 9600-உம் காலை வாரும். 9600 என்றால் தானாக நம்பகம் வந்துவிடாது.

திருவொற்றியூர்: அப்படிச் சொல்லுங்க! அவருக்கு 9600 போதும்னா வச்சுக்கட்டும்.

அவசரப்படாதீர்கள். நொடிக்கு 960 எழுத்து போதும் என்றால் 9600 வைப்பதில் தப்பே இல்லை. நொடிக்கு நூறு ரீடிங், ஒவ்வொன்றும் 20 எழுத்து என்றால் மட்டும் அடைபடும். அனுப்பக் காத்திருப்பதை வைக்கும் 64 பைட் பஃபர் நிரம்பியதும் பிரிண்ட் வரியிலேயே போர்டு நின்று காத்திருக்கும். சென்சார் மெதுவாகிவிட்டது என்று தோன்றும்.

பெரம்பூர்: 250000 வைத்தால் பிழையே பூஜ்யம்.

உண்மை. கம்ப்யூட்டர் பக்க சாஃப்ட்வேர் அதை ஏற்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தப் பேச்சு இத்தோடு போதும், ஒருவர் வெகுநேரமாகக் காத்திருக்கிறார்.

காசிமேடு, ஐஸ் ஃபேக்டரி: டெம்பரேச்சர் போர்டு ஆபீசிலிருந்து 150 மீட்டர் தள்ளி இருக்கிறது. கம்ப்ரஸர் ஓடத் தொடங்கினால் ரீடிங் போய்விடுகிறது. பாட் ரேட் குறைத்தால் சரியாகுமா?

ஆகாது. யுஎஸ்பி 5 மீட்டர், ஆர்எஸ்-232 சுமார் 15 மீட்டர். இந்தத் தூரத்துக்கு ஆர்எஸ்-485 போடுங்கள், குறைந்த வேகத்தில் 1200 மீட்டர் வரை போகும். இரண்டு பக்கமும் மேக்ஸ்485 மாட்யூல், முறுக்கிய ஜோடிக் கம்பி, இரண்டு முனைகளிலும் 120 ஓம் ரெசிஸ்டர். கம்பியை கம்ப்ரஸர் கேபிளோடு ஒரே பைப்பில் இழுக்காதீர்கள். கடல் காற்றில் டெர்மினல் ஸ்க்ரூ பச்சை பிடிக்கும், மூடிய பெட்டிக்குள் வையுங்கள். அனுப்பி முடித்ததும் மாட்யூலின் டிஇ பின்னை (அனுப்பலை இயக்கும் பின்) இறக்குவதற்கு முன், எல்லாம் போய் முடியும்வரை காத்திருக்கச் செய்யும் ஃபிளஷ் வரியைக் கோடில் போடுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு ரீடிங்கிலும் கடைசி எழுத்து வெட்டுப்படும், அதை வைத்துக்கொண்டு சென்சாரைத் திட்டுவீர்கள்.