நீலக்கோட்டுப் பிள்ளைகள் என்ன ஆனார்கள்? - வாசகர் கேள்வி, என் பதில்

ஆங்கிலக் கட்டுரையாளர் சார்லஸ் லாம் ஏழைப் பிள்ளைகளுக்கான 'கிறைஸ்ட்ஸ் ஹாஸ்பிட்டல்' என்ற தருமப் பள்ளியில் படித்தவர் என்று சென்ற இதழில் ஒரே ஒரு வரி எழுதியிருந்தேன். அது எப்படிப்பட்ட பள்ளி, வேறு யார் அங்கே படித்தார்கள், பிற்காலத்தில் என்ன ஆனார்கள் என்று கேட்டுப் பல கடிதங்கள் வந்துவிட்டன. இந்த முறை எல்லாப் பக்கங்களும் அந்தப் பள்ளிக்கே.

கேள்வி (கல்லூரி மாணவி ஒருவர்): பள்ளியின் பெயரைக் 'கிறைஸ்ட்ஸ் ஹாஸ்பிட்டல்' என்று எழுதியிருந்தீர்கள். பள்ளிக்கு எதற்கு ஆஸ்பத்திரி என்று பெயர்?

அந்தக் காலத்து ஆங்கிலத்தில் ஹாஸ்பிட்டல் என்றால் ஆதரவற்றவர்களைத் தாங்கும் இடம் என்றும் பொருள். லண்டன் நியூகேட் தெருவில் கிரேஃபிரையர்ஸ் துறவிகளின் மடம் ஒன்று இருந்தது. இங்கிலாந்து மன்னன் எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்தபோது அதுவும் ஆளற்றுப் போனது. ஏழைகளின் நிலை பற்றி பிஷப் ரிட்லி பிரசங்கம் செய்தார். அதைக் கேட்டு மனம் இளகிய அடுத்த மன்னன் ஆறாம் எட்வர்டு நகர மேயரை முடுக்கினான். மேயர் பணம் திரட்டினார். 1552 நவம்பரில் 380 குழந்தைகள் அந்த மடத்துக்குள் வந்து சேர்ந்தார்கள். 1553 ஜூன் 26 அன்று எட்வர்டு சாசனம் வழங்கினான். அடுத்த பத்தாம் நாள் இறந்துபோனான். அரசனுக்கே வயது 15தான்.

கணுக்கால் வரை தொங்கும் நீலக் கோட்டு, இடுப்பில் தோல் வார், கழுத்தில் வெள்ளைப் பட்டை, மஞ்சள் காலுறை. ஊரார் அவர்களை 'நீலக்கோட்டுப் பையன்கள்' என்றே அழைத்தார்கள். 1902இல் பள்ளி லண்டனை விட்டு சஸெக்ஸ் பகுதியிலுள்ள ஹார்ஷமுக்குக் குடிபெயர்ந்தது. உடை மாறவில்லை. இன்றும் பள்ளியே அதை இலவசமாகக் கொடுக்கிறது.

கேள்வி (ஓய்வுபெற்ற அலுவலர் ஒருவர்): அத்தனை அறிவாளியான லாம் ஏன் பல்கலைக்கழகம் போகாமல் குமாஸ்தாவாகவே காலத்தைக் கழித்தார்? பணம் இல்லையா?

ஐயா, பணம் தடையாக இருந்திருக்காது. தடுத்தது நாக்கு.

அந்தப் பள்ளியின் உச்சி வகுப்புக்குக் 'கிரீசியன்' என்று பெயர். அதற்குத் தேர்வான ஒரு சிலரைப் பள்ளி தன் உதவித்தொகையிலேயே ஆக்ஸ்ஃபோர்டுக்கோ கேம்பிரிட்ஜுக்கோ அனுப்பும். அப்படிப் போகிறவர்கள் பாதிரியார்களாக வர வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. லாமுக்குத் திக்குவாய். திக்குகிறவன் பிரசங்க மேடை ஏற முடியாதே! லத்தீனில் அவ்வளவு தேர்ச்சி இருந்தும், 1789 நவம்பரில், 14 வயதில், அவருடைய படிப்பு முடிந்தது.

இதை எழுதும்போது எனக்குக் கை சற்று நடுங்குகிறது. எனக்கும் திக்குவாய் உண்டு. வகுப்பில் பெயர் கூப்பிட்டால் 'உள்ளேன் ஐயா' என்ற இரண்டு சொல் என் வாயிலிருந்து வருவதற்குள் ஆசிரியர் அடுத்த பெயருக்குப் போய்விடுவார். எத்தனையோ நாள் பள்ளியில் இருந்துகொண்டே வராதவனாகப் பதிவாகியிருக்கிறேன். பிறகு 31 ஆண்டுகள் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பேரேடு எழுதினேன். அதனால் லாமைப் பற்றி ஒட்டாமல் நின்று எழுத என்னால் முடியாது.

லாம் 1792இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் தலைமை அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் சேர்ந்தார். முதல் மூன்று ஆண்டுகள் சம்பளமே கிடையாது. 1825இல் ஓய்வு பெறும் வரை, 33 ஆண்டுகள், தேயிலையும் அவுரியும் துணியும் எழுதிய பேரேடுகளோடு வாழ்ந்தார். தம் உண்மையான நூல்கள் லெடன்ஹால் தெரு அலுவலக அலமாரிகளில் நூறு தடித்த பேரேடுகளாக இருக்கின்றன என்று அவரே எழுதினார். 'எலியா' என்ற புனைபெயரில் அவர் எழுதி உலகம் கொண்டாடும் கட்டுரைகள் அலுவலகம் முடிந்து வந்த பிறகு, களைத்த கையால் எழுதப்பட்டவை.

வீட்டு நிலைமையையும் சொல்ல வேண்டும். 1796 செப்டம்பரில், மனநோய் முற்றிய ஒரு கணத்தில், அக்கா மேரி சாப்பாட்டு மேசைக் கத்தியால் தாயைக் கொன்றுவிட்டார். லாமுக்கு அப்போது 21 வயது. அக்காவை ஆயுள் முழுக்க விடுதியில் அடைத்துவிடலாம் என்று சொன்னவர்கள் இருந்தார்கள். அவர் இசையவில்லை. பொறுப்பு என்னுடையது என்று ஏற்றுக்கொண்டார். திருமணம் செய்துகொள்ளாமல் கடைசி வரை காப்பாற்றினார். நோய் திரும்பும் அறிகுறி மேரிக்கே முன்கூட்டித் தெரிந்துவிடும். அப்போது அக்காவும் தம்பியும் கை கோத்தபடி, அழுதுகொண்டே, கைகளைக் கட்டுவதற்கான அந்தச் சட்டையையும் எடுத்துக்கொண்டு வயல் வழியே மனநோய் விடுதிக்கு நடந்து போவார்களாம். வழியில் பார்த்த நண்பர் ஒருவர் சொன்னது இது. மாதம் தவறாமல் சம்பளம் வரும் ஒரு குமாஸ்தா வேலை அந்தக் குடும்பத்துக்கு என்னவாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்றும் உண்டு. அதே பள்ளியில் சில ஆண்டுகள் கழித்துப் படித்த லீ ஹன்ட்டுக்கும் திக்குவாய். அவருக்கும் அதே காரணத்தால் கிரீசியன் வகுப்பு கிடைக்கவில்லை. அவர் பத்திரிகையாளரானார். 'எக்ஸாமினர்' இதழில் ஆட்சிப் பொறுப்பிலிருந்த இளவரசரை 50 வயது தடியர் என்று எழுதியதற்காக 1813இல் இரண்டு ஆண்டு சிறை. சிறை அறைச் சுவரில் ரோஜாக் கொடிக் காகிதம் ஒட்டி, கூரையில் வானமும் மேகமும் தீட்டச் செய்து, அங்கிருந்தபடியே பத்திரிகையை நடத்தினார். 1814 தொடக்கத்தில் கொடும் பனி கொட்டிய நாட்களிலும் அவரைத் தவறாமல் பார்க்க வந்தவர்கள் லாமும் மேரியும்.

கேள்வி (பள்ளி ஆசிரியை ஒருவர்): கவிஞர் கோல்ரிட்ஜும் அங்கே படித்தவர்தானே? அடித்து வளர்த்த ஆசிரியரைப் பற்றி அவர் நன்றியோடு எழுதியிருப்பதாகப் படித்தேன். உண்மையா?

உண்மை. ஆனால் அடியும் உண்மை. ஜேம்ஸ் பாயர் என்ற அந்த ஆசிரியர் ஹோமர் புத்தகத்தால் அடித்து லீ ஹன்ட்டின் பல் ஒன்றை விழ வைத்தவர். அதை நான் நியாயப்படுத்த மாட்டேன். நீங்களும் நியாயப்படுத்த வேண்டாம்.

கோல்ரிட்ஜ் நன்றி சொன்னது வேறொன்றுக்கு. மாணவர்களின் கட்டுரையில் அலங்காரச் சொல்லைக் கண்டால் பாயர் பொறுக்க மாட்டார். 'யாழா? பேனாவும் மையும் என்று சொல், பையா! கலைத் தெய்வமா? உன் செவிலியின் மகள் என்று சொல்! பியரியன் ஊற்றா (கலைத் தெய்வங்களின் புனித ஊற்று)? நம் முற்றத்துத் தண்ணீர்க் குழாயைச் சொல்கிறாயோ!' என்று உறுமுவாராம். கவிதைக்கும் விஞ்ஞானத்தைப் போலவே கறாரான தர்க்கம் உண்டு என்று தமக்குக் கற்பித்தவர் அவரே என்கிறார் கோல்ரிட்ஜ்.

இதே பிள்ளை 15 வயதில் செருப்புத் தைக்கப் போகிறேன் என்று கிளம்பினான்! பள்ளிக்கு அருகில் ஒரு செருப்புத் தொழிலாளி அவனிடம் அன்பாக இருந்தார். அவரையே பாயரிடம் பேச அனுப்பிவைத்தான். பாயர் பையனைக் கீழே தள்ளி, வந்தவரையும் வெளியே பிடித்துத் தள்ளினார். தகப்பனை இழந்து, ஊரை விட்டு வந்து, விடுமுறை நாளில் போக வீடில்லாத ஒரு பையனுக்கு, அன்பாகப் பேசிய ஒருவரின் பட்டறை சொர்க்கமாகத் தெரிந்ததில் வியப்பில்லை.

இன்னொரு நாள் ஸ்ட்ராண்ட் சாலையில் கைகளை வீசியபடி நடந்தான். கை ஒருவரின் சட்டைப்பையில் பட்டுவிட்டது. 'இந்த வயதிலேயே திருட்டா?' என்று அவர் பிடித்துக்கொண்டார். பையன் அழுதுகொண்டே சொன்னான்: தான் கிரேக்கக் கதையில் காதலியைக் காண நீந்திப் போகும் லியாண்டராம், ஹெல்லஸ்பான்ட் கடலிடுக்கை நீந்திக் கடந்துகொண்டிருந்தானாம். கேட்டவர் திகைத்துப் போய், அவனுக்கு ஒரு நூலகத்தில் சந்தா கட்டிக் கொடுத்தார். அதன் பிறகு நாளுக்கு இரண்டு புத்தகம் என்று பட்டியலின் முதல் பெயரிலிருந்து படிக்கத் தொடங்கினான். அந்த வழிப்போக்கர் யார் என்று கோல்ரிட்ஜ் கதை சொல்பவர்கள் பெயர் குறிக்கவில்லை. எனக்கு அதில் வருத்தமே.

கேள்வி (இல்லத்தரசி ஒருவர்): எல்லாம் ஆண்பிள்ளைகளாகவே இருக்கிறார்களே. பெண்களைச் சேர்க்கவில்லையா?

முதல் ஆண்டிலிருந்தே சேர்த்தார்கள். பிற்காலத்தில் பெண்கள் பள்ளி ஹெர்ட்ஃபோர்டில் தனியாக நடந்தது. 1985இல்தான் ஹார்ஷமில் ஒன்றாயின. ஆனால் பழைய காலத்தில் பையன்களுக்குக் கிரேக்கமும் கடல்வழிக் கணிதமும் கற்பித்தபோது பெண்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் தையல். அவர்கள் வாழ்க்கையை எழுதிவைக்க யாரும் மெனக்கெடவில்லை.

மேரி லாமையே பாருங்கள். தம்பிக்கு ஏழு ஆண்டு நல்ல படிப்பு. அக்காவுக்கு ஊசியும் நூலும். ஆனாலும் 1807இல் வெளிவந்த ஷேக்ஸ்பியர் கதைகள் நூலில் 20 கதைகளில் 14 அவர் எழுதியவை. தலைப்புப் பக்கத்தில் இருந்தது தம்பியின் பெயர் மட்டும்.

கேள்வி (பொறியியல் மாணவர் ஒருவர்): எழுத்தாளர்கள்தானா? எங்கள் துறைக்காரர் யாரும் இல்லையா?

இருக்கிறார். பார்ன்ஸ் வாலிஸ். 1900இல் சேர்ந்தவர், லண்டனிலிருந்து ஹார்ஷமுக்குப் பள்ளி மாறியபோது உடன் போன பிள்ளைகளில் ஒருவர். 17 வயதில் பள்ளியை விட்டு ஒரு பட்டறையில் தொழில் பழகப் போனார். 35 வயதை நெருங்கும்போதுதான் லண்டன் பல்கலைக்கழகத்தில் வெளிமாணவராகப் பட்டம் பெற்றார். ஆர்100 ஆகாயக் கப்பல், வெலிங்டன் விமானத்தின் வலைப்பின்னல் போன்ற உடற்கூடு, நீரின்மேல் தத்தித் தத்திச் சென்று அணைச் சுவரில் மோதும் குண்டு ஆகியவை அவர் மூளையில் பிறந்தவை.

1943 மே 16 இரவு அந்தக் குண்டுகளோடு 19 விமானங்கள் ஜெர்மனிக்குப் புறப்பட்டன. 8 திரும்பவில்லை; 53 பேர் மாண்டார்கள். உடைந்த அணையின் வெள்ளத்தில் கீழே ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவர்களில் கட்டாய வேலைக்குக் கொண்டுவரப்பட்ட அயல்நாட்டுக் கைதிகள் பலர். இதை விட்டுவிட்டு வெற்றியை மட்டும் சொல்ல எனக்கு மனமில்லை. விமானிகளின் சாவு வாலிஸைக் கடைசி வரை உறுத்தியது. 1951இல் கண்டுபிடிப்புக்கான பரிசாக அரசு அவருக்கு 10,000 பவுன் கொடுத்தது. அதை அப்படியே தம் பழைய பள்ளிக்குக் கொடுத்து, விமானப்படையில் உயிரிழந்தவர்கள், ஊனமுற்றவர்களின் பிள்ளைகள் அங்கே படிக்க வழி செய்தார்.

போர் என்றதும் கவிஞர் கீத் டக்ளஸ் நினைவுக்கு வருகிறார். ஆக்ஸ்ஃபோர்டில் அவருக்கு ஆசிரியராக வாய்த்தவர் எட்மண்ட் பிளண்டன். முதல் உலகப் போரில் பிழைத்து வந்த கவிஞர். இருவருமே நீலக்கோட்டு அணிந்தவர்கள். டக்ளஸ் 1944 ஜூனில் நார்மண்டியில் கொல்லப்பட்டார். வயது 24.

கேள்வி (நீண்ட நாள் வாசகர் ஒருவர்): இத்தனை பேரில் ஒருவரைச் சந்திக்கலாம் என்றால் யாரைத் தேர்ந்தெடுப்பீர்கள்?

லாம் என்று சொல்வேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். லண்டனில் கில்ட்ஸ்பர் தெருச் சுவரில் அவருடைய மார்பளவுச் சிலை இருக்கிறது. 'ஆங்கில இலக்கியத்திலேயே மிகவும் நேசிக்கப்பட்ட பெயர் இதுவாக இருக்கலாம்; இங்கே ஏழு ஆண்டு நீலக்கோட்டுப் பையனாக இருந்தவர்' என்று கீழே பொறித்திருக்கிறார்கள். அதன் முன் நான் வெகு நேரம் நின்றிருக்கிறேன். ஆனாலும் என் தேர்வு அவர் இல்லை. அவர் கட்டுரையில் பெயரே இல்லாமல் வரும் ஒரு பையன்.

நெட்டையாக, தள்ளாடி நடப்பவன். ஒரு கண் சற்று மாறுகண். பள்ளியில் போடும் மாட்டிறைச்சிக் கொழுப்பை மற்ற பிள்ளைகள் தொடவே மாட்டார்கள். அதைத் தின்பவன் பேய்க்குச் சமம். இவனோ சாப்பாடு முடிந்ததும் மேசையில் மிஞ்சிய துணுக்குகளை, அந்தக் கொழுப்பையும் சேர்த்து, பொறுக்கிக்கொண்டு போய்க் கட்டிலருகே இருந்த பெட்டிக்குள் ஒளித்துவைப்பான். அவன் தின்று யாரும் பார்த்ததில்லை. இரவில் தின்கிறான் என்றார்கள். விடுமுறை நாளில் நீலக் கட்டம் போட்ட பெரிய கைக்குட்டையில் எதையோ மூட்டை கட்டி வெளியே கொண்டுபோகிறான் என்றார்கள்; பிச்சைக்காரர்களுக்கு விற்கிறான் என்றார்கள். ஒருவரும் அவனோடு பேசவில்லை, விளையாடவில்லை. அவனும் எதையும் மறுத்துச் சொல்லவில்லை.

ஒரு நாள் இரண்டு பையன்கள் பின்தொடர்ந்தார்கள். ஏழைகள் ஒண்டிக் குடியிருக்கும் ஒரு பழங்கட்டடம். நான்கு மாடி ஏறி, ஒரு சின்னக் கதவைத் தட்டினான். கந்தல் உடுத்திய கிழவி ஒருத்தி திறந்தாள். அவ்வளவுதான், குற்றம் உறுதியாயிற்று என்று புகார் போனது. பள்ளி மேற்பார்வையாளர் ஹாத்தவே நிதானமான மனிதர். தண்டிக்கும் முன் விசாரித்தார். அந்தக் கிழவி அவன் தாய். உள்ளே இருந்தவர் தகப்பனார். நேர்மையாக வாழ்ந்து நொடித்துப்போன தம்பதி. பள்ளி மேசையில் மிஞ்சியது அவர்களைப் பிச்சை எடுக்காமல் காத்துவந்தது.

நிர்வாகிகள் குடும்பத்துக்கு உதவிப் பணம் ஒதுக்கினார்கள். பையனுக்கு எல்லார் முன்னிலையிலும் ஒரு வெள்ளிப் பதக்கம் கொடுத்தார்கள்.

முன்னாள் மாணவராக அவருடைய 'பணி வாழ்க்கை' பற்றி ஒரு வாக்கியம்தான் இருக்கிறது. பிற்காலத்தில் ரொட்டிக் கடைக்காரரின் கூடையைத் தூக்கிக்கொண்டு போனதைப் பார்த்தேன் என்கிறார் லாம். பெற்றோருக்குச் செய்த அளவு தனக்கு அவன் செய்துகொள்ளவில்லை என்று கேள்விப்பட்டதாகவும் சேர்க்கிறார்.

அந்தக் கூடையை ஒரு தெருமுனை வரைக்கும் நான் வாங்கிச் சுமக்க வேண்டும். என் வாய் திக்கினாலும் அவர் பொறுமையாகக் கேட்பார் என்று நம்புகிறேன். பதக்கத்தை என்ன செய்தீர்கள், விற்றீர்களா, அம்மாவிடம் கொடுத்தீர்களா என்று கேட்பேன்.