கப்பல் எஞ்சின் ரூம் வாட்ச் என்றால் மீட்டர் பார்த்து எழுதுவது மட்டும்தானா?

கல்முனையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: “மரைன் எஞ்சினியரிங் படிக்க யோசிக்கிறேன். வாட்ச் என்றால் நாலு மணித்தியாலம் மீட்டர் பார்த்துக் கொப்பியில் எழுதுவதுதான் என்று கூட்டாளிமார் சொல்கிறார்கள், உண்மையா?”

நான் மட்டக்களப்பு, கப்பலில் எஞ்சினியராக இருக்கிறேன். வாட்ச் என்பது முறை வைத்து எஞ்சினைக் கவனிக்கும் வேலை. உங்கள் கூட்டாளிமார் சொல்வது பாதி சரி. எழுதுவது உண்டு, ஆனால் எழுதுவதற்கு முன் கீழே இறங்கிச் சுற்ற வேண்டும். வாழைச்சேனையில் ஆழ்கடல் போட் ஓட்டுகிறவர் எஞ்சின் சத்தத்தை வைத்தே கோளாறு சொல்வார் அல்லவா, அந்தக் காது இங்கேயும் வேண்டும். அதோடு இலக்கமும் வேண்டும். மற்ற சிலிண்டர்களின் புகை வெப்பம் 350 பாகையில் நிற்க, ஒன்று மட்டும் 385க்கு ஏறினால் ஃபியூவல் வால்விலோ எக்ஸோஸ்ட் வால்விலோ ஏதோ இருக்கிறது. முந்தின வாட்ச்காரர் எழுதியதை அப்படியே பார்த்து எழுதுகிறவருக்கு இது கடைசிவரை தெரியாது. அப்படி எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

வாட்ச் மாறும்போது ஒரு விதி. பொறுப்பெடுக்க வருபவர் குடித்திருந்தால், அல்லது வேலை பார்க்கிற நிலையில் இல்லையென்று தெரிந்தால், கொடுக்கக் கூடாது. சீஃப் எஞ்சினியருக்குச் சொல்ல வேண்டும். வந்தவர் உங்களைவிடப் பெரியவர் என்றாலும் அதுதான். இப்போது பல கப்பல்களில் இரவில் எஞ்சின் ரூமில் ஆளே இருப்பதில்லை, அலாரம் டியூட்டி எஞ்சினியரின் கேபினில் அடிக்கும். நித்திரையிலிருந்து எழும்பி ஓட வேண்டியதுதான்.

எல்லாவற்றிலும் கவனமாக எழுத வேண்டியது மீட்டர் இலக்கம் எழுதும் லொக் புக் அல்ல, எண்ணெயும் எண்ணெய்க் கழிவும் எங்கே போனது என்று எழுதும் ஒயில் ரெக்கோர்ட் புக். 400 கிரொஸ் டன்னும் அதற்கு மேலும் உள்ள கப்பல்களுக்கு, எண்ணெய் டாங்கர் என்றால் 150இலிருந்தே, மார்போல் என்ற, கப்பல்களால் கடல் மாசுபடுவதைத் தடுக்கும் சர்வதேசச் சட்டப்படி இது கட்டாயம். எஞ்சின் ரூமின் அடியில் சேரும் எண்ணெய் கலந்த பில்ஜ் தண்ணீரைக் கடலில் விட்டால், எண்ணெயைப் பிரிக்கும் செப்பரேட்டர் வழியாக, எண்ணெய் 15 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 15 பங்கு) மேல் போகாமல் விட வேண்டும். எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், எவ்வளவு என்றெல்லாம் எழுத வேண்டும். வேலையைச் செய்த ஆபிசர் ஒவ்வொரு பதிவுக்கும் கையெழுத்து வைப்பார், நிரம்பிய பக்கத்துக்குக் கப்டன். கடைசிப் பதிவிலிருந்து 3 வருடம் புத்தகத்தை வைத்திருக்க வேண்டும்.

துறைமுகத்தில் ஏறும் இன்ஸ்பெக்டர் இந்தப் புத்தகத்தை வைத்துக் கணக்குப் போடுவார். இவ்வளவு எண்ணெய் எரித்த கப்பலில் சேற்று எண்ணெய், அதாவது எரிபொருளைச் சுத்தப்படுத்தும்போது ஒதுங்கும் கழிவு, ஏன் இவ்வளவு குறைவு? கழிவை எரிக்கும் இன்சினரேட்டரால் ஒரு மணித்தியாலத்தில் எரிக்க முடிந்ததைவிடக் கூடுதலாக எரித்ததாக எப்படி எழுதினீர்கள்? அமெரிக்காவில் பொய்ப் பதிவுக்காக எஞ்சினியர்கள் சிறைக்கே போயிருக்கிறார்கள். பிழையாக எழுதிவிட்டால் அழிக்கவோ வெள்ளை மை பூசவோ வேண்டாம், வாசிக்கத் தெரியும்படி ஒரே கோடு போட்டு வெட்டி, பக்கத்தில் கையெழுத்து வைத்தால் போதும்.

ஓய்வு நேரத்துக்கும் பதிவு உண்டு: 24 மணித்தியாலத்தில் குறைந்தது 10, ஏழு நாளில் 77. துறைமுக நாட்களில் பல கப்பல்களில் இது தாளில்தான் சரியாக இருக்கும். ஒரு கப்பலில் வேலைக்குச் சேர முதல் அந்தக் கப்பலில் இருந்த ஆரிடமாவது இதைக் கேட்டுப் பாருங்கள்.