இல்லாத காற்றை எப்படி அளப்பது?

கேள்வி: விண்வெளியில் காற்றே கிடையாது என்றுதான் பள்ளியில் படித்தோம். தாழ்வாகச் சுற்றும் செயற்கைக்கோள்களை வைத்து மேல் வளிமண்டலத்தை அளக்கிறார்களாமே, இல்லாததை எப்படி அளப்பது?
- ஒரு வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: இருக்கிறதம்மா, கொஞ்சூண்டு. 1979 ஜூலையில் நான் ராயபுரத்தில் ஆறாம் வகுப்பு. காத்தாடி விடுகிற நாட்கள். 'ஸ்கைலேப் விழப் போவுது' (அது அமெரிக்காவின் விண்வெளி நிலையம்) என்று ஆயா என்னை மொட்டை மாடிக்கே விடவில்லை. வீட்டுக்குள் இருந்தால் 77 டன் நம்மை என்ன செய்துவிடும் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை! ஜூலை 11 அன்று அது இந்தியப் பெருங்கடலிலும் மேற்கு ஆஸ்திரேலியாவிலுமாகச் சிதறி விழுந்தது. அதை இறக்கியது அந்த 'இல்லாத' காற்றுதான். சூரியன் கணித்ததைவிட அதிகமாகச் சீறியதில் மேல் வளிமண்டலம் சூடேறி உப்பிவிட்டது.

காத்தாடி விட்டவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். மாடிக் கொடியில் துணிகூட ஆடாது; ஆனால் மேலே காற்று எவ்வளவு என்று விரலில் நூல் சொல்லிவிடும். (மாஞ்சா நூலைச் சொல்லவில்லை. அதற்குத் தடை, சரியான தடைதான்.) செயற்கைக்கோள் நொடிக்கு ஏழரை கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அந்த வேகத்தில் மெல்லிய காற்றும் தடுக்கும். பாதை இறங்கும், ஒரு சுற்றுக்கான நேரம் குறையும். 1957இல் ஸ்புட்னிக் காலத்திலேயே இதை வைத்து அடர்த்தியைக் கணக்கிடத் தொடங்கிவிட்டார்கள்.

அதில் கிடைப்பது பல சுற்றுகளின் சராசரி. இந்த நிமிடம் இந்த இடத்தில் எவ்வளவு என்று அறிய, வேகம் மாறுவதை அளக்கும் முடுக்கமானி வேண்டும். 2000இல் ஜெர்மனி அனுப்பிய சாம்ப் செயற்கைக்கோளில் அது இருந்தது. ஒரு கூட்டுக்குள் சின்ன உலோகக் கட்டி, எதையும் தொடாமல் மிதக்கும். ஈர்ப்பு கட்டியையும் செயற்கைக்கோளையும் ஒன்றாகவே இழுக்கும். காற்றோ வெளியே இருக்கும் கோளை மட்டும்தான் தடுக்கும். அதனால் கட்டி முன்னால் நகரப் பார்க்கும். அதை மின்விசையால் நடுவிலேயே பிடித்து வைப்பார்கள். பிடிக்க எவ்வளவு விசை தேவைப்பட்டதோ, அதுதான் கணக்கு. வெயிலும் கோளைத் தள்ளும்; அந்தப் பங்கைக் கழித்துவிட வேண்டும். புவியீர்ப்பைத் துல்லியமாக அளக்க, காற்றின் தொல்லையைக் கழிப்பதற்குத்தான் இந்தக் கருவியை வைத்தார்கள். அப்புறம் பார்த்தால், கழித்ததே இன்னொரு துறைக்குச் சோறு போட்டது.

2022 பிப்ரவரியில் ஒரு சூரியப் புயலின்போது, சுமார் 210 கிலோமீட்டர் உயரத்தில் விடப்பட்ட 49 ஸ்டார்லிங்க் இணையச் செயற்கைக்கோள்களில் ஏறத்தாழ 40 திரும்பி வந்துவிட்டன. வழியிலேயே முழுதாக எரிந்துபோகும்படி செய்யப்பட்டவை அவை. நீங்கள் தாராளமாக மாடிக்குப் போகலாம்.