துப்பறியும் நாவல் படமாகும்போது ‘இவரா அவர்?’ என்று வாசகர்கள் கொதிப்பது நியாயமா?

பழைய துப்பறியும் நாவல் ஒன்று படமாகவோ தொடராகவோ எடுக்கப்படுகிறது, துப்பறிபவராக இன்னார் நடிக்கிறார் என்று அறிவிப்பு வந்தவுடனே, ஒரு காட்சிகூட எடுக்கப்படாத நிலையில், ‘இவரா அவர்?’ என்று ரசிகர்கள் கொதித்தெழுவது நியாயமா என்று கேட்டிருக்கிறீர்கள். நாயகனின் முகத்தைப் பற்றி எழும் கோபத்தில் எனக்கு அவ்வளவாக உடன்பாடு இல்லை. அவருக்குப் பக்கத்தில் நிற்கப்போகிறவர் யார், சந்தேகத்துக்கு உரியவர்களாக யார் யாரைப் போட்டிருக்கிறார்கள் என்பவற்றைப் பற்றித்தான் வாசகர்கள் கவலைப்பட வேண்டும் என்பது என் எண்ணம். நான் பாரிமுனையில் வக்கீல் குமாஸ்தாவாக வேலை பார்ப்பவன். இந்த எண்ணத்துக்கு என் தொழிலும் ஒரு காரணம். அதைப் பின்னால் சொல்கிறேன்.

‘புத்தகத்தில் இருப்பதுபோல் இல்லை’ என்று ஒருவர் சொல்லும்போது, அவர் மனத்தில் இருப்பது பெரும்பாலும் புத்தகம் அன்று. புத்தகத்தோடு சேர்ந்து வந்த ஓவியமோ, அந்த வேடத்தில் முன்பு நடித்தவரின் உருவமோதான். ஆர்தர் கானன் டாயில் 1887-இல் ஷெர்லாக் ஹோம்ஸை அறிமுகப்படுத்தினார். 1891 முதல் ஸ்ட்ராண்ட் இதழில் சிறுகதைகள் வரத் தொடங்கியபோது சிட்னி பாஜெட் அவற்றுக்குப் படம் வரைந்தார். பாஜெட் தம் தம்பி வால்டரைப் பார்த்தே ஹோம்ஸை வரைந்தார் என்று சொல்வார்கள். தம் மனத்தில் இருந்த ஹோம்ஸ் அவ்வளவு அழகர் அல்லர் என்று டாயிலே பிற்காலத்து நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். பெண் வாசகர்களைக் கருதினால் ஓவியத்தில் இருந்த அழகரே நல்லது என்று ஒரு குறும்பையும் சேர்த்திருக்கிறார். முன்னும் பின்னும் விளிம்பு நீண்ட அந்த வேட்டைத் தொப்பியும் பாஜெட் கொடுத்ததே. கதையில் தலையை ஒட்டிய துணித்தொப்பி என்றுதான் இருக்கிறது. இன்று அந்தத் தொப்பி இல்லாமல் யாராவது ஹோம்ஸாக நடித்தால், மூலத்துக்குத் துரோகம் என்று சொல்ல ஆள் இருப்பார்கள்.

நம் பக்கத்துக் கதையும் இதுதான். பழைய வண்ணாரப்பேட்டையில் என் தாய்மாமா வாடகை நூலகம் வைத்திருந்தார். வார இதழ்களில் வந்த சுஜாதாவின் தொடர்களை வாரவாரம் கிழித்தெடுத்து, முடிந்ததும் பைண்டு செய்து வாடகைக்கு விடுவார். அந்தப் பக்கங்களோடு ஜெயராஜின் ஓவியங்களும் சேர்ந்தே வந்தன. துறைமுகத்தில் வேலை பார்த்தவர்களும் பின்னி மில் தொழிலாளர்களும் அவற்றை வாங்கிச் சென்று படித்தார்கள். சுஜாதாவின் துப்பறியும் வக்கீலான கணேஷ் எப்படி இருப்பான் என்று அவர்களில் யாரைக் கேட்டிருந்தாலும் ஜெயராஜின் கோடுகளைத்தான் விவரித்திருப்பார்கள். சுஜாதா கணேஷின் முகத்தை விவரிப்பதில் மிகவும் சிக்கனமானவர். வாசகர்கள் இட்டு நிரப்பிக்கொள்ள வேண்டிய இடத்தை ஓவியர் நிரப்பினார். ஆகவே நடிகர் அறிவிக்கப்பட்டதும் எழும் கோபத்தில் ஓவியருக்குச் சேர வேண்டிய விசுவாசம் பெரிய பங்கு வகிக்கிறது. அது தவறு என்று சொல்லவில்லை. நாவலின் பெயரால் அதைச் சொல்வதுதான் பொருந்தவில்லை.

மீசை விஷயம் இன்னும் வேடிக்கை. அகதா கிறிஸ்டியின் எர்க்யூல் புவாரோ 1920-இல் அறிமுகமானவர். ஐந்தடி நான்கு அங்குல உயரம், முட்டை வடிவத் தலை, தம் மீசையைப் பற்றி அளவற்ற பெருமை. ஓரியண்ட் எக்ஸ்பிரஸ் ரயிலில் நடக்கும் கொலைக் கதையை 1974-இல் சிட்னி லூமெட் படமாக்கி, ஆல்பர்ட் ஃபின்னியைப் புவாரோவாக்கினார். கிறிஸ்டிக்குப் படம் பிடித்திருந்தது. இங்கிலாந்திலேயே சிறந்த மீசை என்று தாம் எழுதியிருக்க, திரையில் அப்படிப்பட்ட மீசை இல்லையே என்பதுதான் அவருடைய குறை. அதே நாவலை 2017-இல் கென்னத் பிரானா மறுபடி எடுத்தபோது வெளியான முதல் படங்களில், கன்னம் முழுக்கப் பரவிய இரட்டை அடுக்கு மீசையைக் கண்டு உலகமே கேலி செய்தது. எழுத்தாளருக்கு மீசை போதவில்லை, ரசிகர்களுக்கோ மீசை அதிகம். இரண்டுக்கும் நடுவில் 1989 முதல் 2013 வரை தொலைக்காட்சியில் டேவிட் சூஷே வைத்திருந்த மீசைதான் அவர்களுடைய அளவுகோலாக இருந்தது என்பதை அந்தக் கேலியைப் படித்தவர்கள் எளிதில் உணர்ந்திருக்கலாம்.

முகம் பொருந்தாமலே வேடம் பொருந்திவிடும் என்பதற்குப் பழைய சான்று ஒன்றும் இருக்கிறது. டாஷியல் ஹாமெட் தம் 1930-ஆம் ஆண்டு நாவலின் முதல் பத்தியிலேயே, துப்பறிபவரான சாம் ஸ்பேடைப் பொன்னிற முடிகொண்ட சாத்தான் என்று வருணிக்கிறார். 1941-இல் வந்த படத்தில் அந்த வேடத்தில் நடித்த ஹம்ஃப்ரி போகார்ட் கறுத்த முடியும் நடுத்தர உயரமும் கொண்டவர். இன்று ஸ்பேட் என்றால் போகார்ட்தான். நாவலைப் புதிதாகப் படிப்பவர்கள்கூட அந்த முதல் பத்தியைத் தாண்டியதும் பொன்னிற முடியை மறந்துவிடுகிறார்கள்.

இனி என் தொழில் சம்பந்தமான இடத்துக்கு வருகிறேன். கணேஷின் அலுவலகம் தம்புச்செட்டித் தெருவில் இருப்பதாகச் சுஜாதா எழுதினார். உயர்நீதிமன்றத்துக்கு எதிரே, நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சாலையைக் கடந்தால் வந்துவிடும் தெரு. குறுகலான படிக்கட்டுகளும், ஒன்றன்மேல் ஒன்றாகத் தொங்கும் பெயர்ப்பலகைகளும், வாய்தா வாங்கிவிட்டு வெயிலில் கறுப்புக் கோட்டைக் கையில் தொங்கவிட்டபடி திரும்பும் வக்கீல்களும் நிறைந்த தெரு அது. எங்களுக்கு கணேஷ் பக்கத்துக் கட்டடத்துக்காரன். ஆகவே ஒரு நடிகரின் பெயரைக் கேட்டதும் எங்கள் வட்டாரத்தில் எழும் கேள்வி, அவர் அழகாக இருப்பாரா என்பதன்று. சீனியராக அமர்ந்து கட்சிக்காரர் சொல்வதைக் குறுக்கிடாமல் பத்து நிமிடம் கேட்கத் தெரியுமா என்பதுதான். நம் நாயக நடிகர்களில் பலர் எதிரில் இருப்பவர் பேசி முடிக்கும் வரை பொறுத்திருந்து பழகாதவர்கள்.

அந்தக் குறை முதலிலேயே தெரிந்தது. 1977-இல் வெளியான ‘காயத்ரி’யில் ஜெய்சங்கர் கணேஷாக நடித்தார். அவர் ஏற்கெனவே துப்பறியும் படங்களில் பழகிய முகம் என்பதால் அது ஓரளவு ஒட்டியது. அடுத்த ஆண்டு ‘ப்ரியா’வில் ரஜினிகாந்த் கணேஷ் ஆனார். நாவலில் லண்டனுக்குப் போன கணேஷ் படத்தில் சிங்கப்பூருக்குப் போனதைக்கூட மாமாவின் வாடிக்கையாளர்கள் பொறுத்துக்கொண்டார்கள். கணேஷ் ஆடிப்பாடிச் சண்டை போட்டதுதான் அவர்களுக்குச் சிரிப்பாக இருந்தது. ‘வக்கீல் எப்பப்பா கோட்டைக் கழட்டிட்டு கைய ஓங்கினாரு?’ என்று துறைமுகத்து அண்ணன் ஒருவர் நூலக வாசலில் கேட்டது மாமா அடிக்கடி சொல்லும் கதை. இதில் ரஜினியின் முகத்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பெரிய நட்சத்திரம் வந்தால் அவருக்காகச் சண்டையும் பாட்டும் வரும், அவற்றுக்கு இடம் வேண்டுமென்பதற்காக விசாரணை சுருங்கும். நடிகர் அறிவிப்பைக் கண்டு ஒருவர் அஞ்சினால், இந்தக் காரணத்துக்காக அஞ்சலாம்.

ஆனால் அந்தக் காலத்து விவாதங்களில் யாரும் பேசாத ஒன்று, கணேஷின் ஜூனியரான வசந்தின் வேடத்தை யாருக்குக் கொடுத்தார்கள் என்பது. ‘காயத்ரி’யில் வசந்தாக வந்தவர் வெண்ணிற ஆடை மூர்த்தி. நல்ல நகைச்சுவை நடிகர்தான். இருந்தாலும் வசந்த் என்றால் அசட்டு ஜோக் அடிப்பவன் என்ற புரிதல் அந்தத் தேர்வில் தெரிகிறது. நாவல்களில் வசந்த் கணேஷுக்கு நிகரான மூளைக்காரன். ‘பாஸ்’ என்று கூப்பிட்டுக்கொண்டே பாஸ் கவனிக்காததைக் கவனிப்பவன். உயர்நீதிமன்ற வளாகத்தில் சீனியரும் ஜூனியரும் நடந்து போவதைப் பார்த்திருப்பவர்களுக்கு இது தெரியும். வழக்குக் கட்டுகளைச் சுமப்பவர், நீதிபதி முந்தைய நாள் என்ன மனநிலையில் இருந்தார் என்று விசாரித்து வைத்திருப்பவர், வாதத்தின் நடுவில் சீனியரின் கையில் சரியான பக்கத்தைத் திணிப்பவர் ஜூனியர்தான். அவரைக் கோமாளியாக்கினால் சீனியரின் அறிவும் நம்பும்படியாக இருக்காது. முட்டாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு புத்திசாலியாகத் தெரிவதில் என்ன பெருமை இருக்கிறது?

ஹோம்ஸுக்கும் இதே கதிதான் நேர்ந்தது. 1939 முதல் 1946 வரை பேசில் ராத்போன் ஹோம்ஸாக நடித்த பதினான்கு படங்களில் ஹோம்ஸின் தோழர் வாட்சனாக வந்த நைஜல் புரூஸ், வாட்சனைத் தடுமாறும் கிழவராகவே ஆக்கிவிட்டார். டாயிலின் வாட்சன் இராணுவ மருத்துவர். பம்பாயில் வந்திறங்கி ஆப்கானிஸ்தானுக்குப் போய், 1880-இல் மைவாண்ட் போரில் குண்டடிபட்டுத் திரும்பியவர். 1984-இல் தொடங்கிய, ஜெரமி பிரெட் ஹோம்ஸாக நடித்த தொடரில் வாட்சனாக வந்த டேவிட் பர்க்கும், அவருக்குப் பின் எட்வர்ட் ஹார்ட்விக்கும் அந்த மரியாதையைத் திருப்பிக் கொடுத்தார்கள். அந்தத் தொடரை மிகச் சிறந்ததாகப் பலர் கருதுவதற்கு பிரெட்டுக்கு இணையான காரணம் அவ்விருவர்தான் என்பேன்.

துணைப் பாத்திரத்தின் தேர்வு எவ்வளவு கனமானது என்பதைச் சத்யஜித் ராயிடம் பார்க்கலாம். 1974-இல் அவர் எடுத்த ‘சோனார் கெல்லா’வில், அவரே எழுதிய கதைகளின் துப்பறிபவரான ஃபெலுடாவாக சௌமித்ர சட்டர்ஜியும், ஃபெலுடாவின் நண்பரான ஜடாயு என்ற எழுத்தாளராக சந்தோஷ் தத்தாவும் நடித்தார்கள். அதற்குப் பின் எழுதிய கதைகளில் ராய் தாமே வரைந்த ஜடாயுவின் முகத்தை சந்தோஷ் தத்தாவைப் போல மாற்றிவிட்டார். தத்தா 1988-இல் காலமானார். இனி ஃபெலுடா படம் எடுப்பதில்லை என்று ராய் முடிவு செய்தார். நாயகன் உயிரோடு, நலமாகத்தான் இருந்தார்.

சந்தேகத்துக்கு உரியவர்களைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். ஐந்து பேரில் ஒருவர் மட்டும் பிரபலமான நடிகர் என்றால், கொலைகாரன் யார் என்று தண்டையார்பேட்டையில் கொட்டகைக்கு வருபவர் இடைவேளைக்கு முன்பே சத்தமாகச் சொல்லிவிடுவார். அவ்வளவு சம்பளம் கொடுத்துச் சும்மா தேநீர் ஊற்றவா கூப்பிட்டிருப்பார்கள் என்பது அவருடைய தர்க்கம், அது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். லூமெட் இதற்குக் கண்ட வழி, இங்க்ரிட் பெர்க்மன், ஷான் கானரி, லாரன் பகால், ஜான் கீல்குட், வனெசா ரெட்கிரேவ் என்று ரயில் பெட்டி முழுவதையும் நட்சத்திரங்களால் நிரப்பியது. நாவலிலிருந்து வந்ததல்ல என்றாலும், 1954-இல் எஸ். பாலசந்தர் எடுத்த ‘அந்த நாள்’ இன்னும் துணிச்சலானது. பாடலே இல்லாத அந்தப் படம் தொடங்கியவுடன் சிவாஜி கணேசன் சுடப்பட்டு இறக்கிறார். நாயகன் என்று நாம் எதிர்பார்ப்பவரே பிணமாகக் கிடந்தால், அதற்குமேல் யாரை நம்புவது? இதே காரணத்தால், இன்று எல்லா நடிகர்களின் முகங்களையும் ஒரே சுவரொட்டியில் வரிசையாக வெளியிடும் வழக்கம் எனக்கு உவப்பாக இல்லை. அதைப் பார்த்து யாரும் கோபப்படுவதாகவும் தெரியவில்லை.

வடசென்னைக்காரனாக இன்னொரு சிறு புகார். பட்டியலில் காசிமேட்டுக்காரர், வியாசர்பாடிக்காரர் என்று ஒருவர் வந்தால் அவர் அடியாளாகத்தான் இருப்பார். துப்பறியும் கதையில் அவர் கொலைகாரராகவும் இருப்பதில்லை. பார்வையாளரைத் திசைதிருப்ப முதல் பாதியில் அடிவாங்கிவிட்டுப் போய்விடுவார். ஒரு முறையாவது எங்கள் பேச்சு பேசும் ஒருவரை நம்பத்தகுந்த சாட்சியாகப் போட்டால் நன்றாயிருக்கும்.

எங்கள் அலுவலகத்து ஜூனியர் மேடம் ஒருவர் இதையெல்லாம் கேட்டுவிட்டு, ‘அப்படின்னா வசந்த்தா ஒரு பெண்ணைப் போடட்டுமே அண்ணா’ என்றார். 2012-இல் தொடங்கிய அமெரிக்கத் தொடர் ஒன்றில் லூசி லியூ வாட்சனாக நடித்ததையும், தம்புச்செட்டித் தெருவில் இன்று கட்டுகளைச் சுமக்கும் ஜூனியர்களில் எத்தனையோ பேர் பெண்கள் என்பதையும் எடுத்துச் சொன்னார். வசந்தின் ஜோக்குகளில் பாதி பெண்களைப் பற்றியவை, அவற்றை என்ன செய்வது என்று கேட்டேன். அவை போனால் யாருக்கு நட்டம் என்று திருப்பிக் கேட்டார். இந்த வழக்கு எங்களுக்குள் இன்னும் வாய்தாவில்தான் இருக்கிறது. அப்படி ஓர் அறிவிப்பு வந்தால் எழக்கூடிய கூச்சலை என்னால் ஊகிக்க முடிகிறது. அவர் சீனியரின் வாதத்தைக் கவனித்துக்கொண்டே பக்கத்தைத் தேடி எடுக்கும் காட்சியைப் பார்க்கும் வரை நான் அதில் சேர்வதாக இல்லை.