செகண்ட் ஹேண்ட் கார் வாங்கும் முன் அதன் பழைய கதையை எப்படித் தெரிந்துகொள்வது?

அரசின் வாகனத் தகவல் ஆப்பான எம்பரிவாகனில் வண்டி எண்ணைப் போட்டுப் பார்த்தால் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. எத்தனையாவது ஓனர், பதிவுத் தேதி, கடன், இன்ஷூரன்ஸ் காலம் எல்லாம் அதில் வரும். அடிபட்டதும், வெள்ளத்தில் நின்றதும், மீட்டரைக் குறைத்ததும் வராது.

கடன் கட்டியாயிற்று என்று விற்பவர் சொன்னாலும் ஆர்.சி.யில் பைனான்ஸ் பெயர் இருந்தால், பாங்க் என்.ஓ.சி.யும் (ஆட்சேபணை இல்லை என்ற சான்று), ஆர்.சி.யிலிருந்து கடன் பதிவை நீக்க பாங்க் கையெழுத்திட்ட படிவம் 35-ம் கைக்கு வந்த பிறகே மீதிப் பணம். அபராத பாக்கியை இ-சலான் தளத்தில் தனியாகப் பாருங்கள்.

அடிபட்ட கதைக்கு நடப்பு இன்ஷூரன்ஸ் பாலிசியைக் கேட்டு வாங்குங்கள். பெரும்பாலானோர் அதில் முடிவுத் தேதியைப் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறார்கள். பார்க்க வேண்டியது என்.சி.பி. வரி, அதாவது கிளெய்ம் வாங்காததற்குப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி (நோ கிளெய்ம் போனஸ்). கிளெய்ம் வாங்காத ஒவ்வோர் ஆண்டுக்கும் 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று அது ஏறும். ஒரே ஓனரிடம் ஏழு வருடம் இருந்த வண்டிக்கு 50 இருக்க வேண்டும். 0 அல்லது 20 என்றால் அண்மையில் கிளெய்ம் போயிருக்கிறது, இல்லை பாலிசி 90 நாளுக்கு மேல் புதுப்பிக்காமல் கிடந்திருக்கிறது. பம்பர் கீறலுக்கு வாங்கிய கிளெய்மும் போனஸைக் கரைக்கும். அதனால் ரிப்பேர் பில்லைக் கேளுங்கள். இரண்டாவது ஓனர் விற்கிறார் என்றால் அவர் வாங்கிய பிறகான கதைதான் இதில் தெரியும். போனஸ் ஆளோடு போகும், வண்டியோடு வராது. கிளெய்ம் வாங்கினாலும் போனஸ் குறையாமல் காக்கும் என்.சி.பி. புரொடெக்ட் எடுத்திருந்தால் இந்தச் சோதனை உதவாது.

கிலோமீட்டருக்கு, ஓனரையே கூட்டிக்கொண்டு கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போய் சர்வீஸ் ஹிஸ்டரி எடுங்கள். தேதியும் கிலோமீட்டரும் ஏறுமுகமாகவே போக வேண்டும். வெளி மெக்கானிக்கிடம் விட்ட வண்டி என்றால் டயரைப் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் டிஓடி (DOT) என்று தொடங்கும் எழுத்து வரிசையின் கடைசி நான்கு இலக்கம் 2319 என்றால் அது 2019-ன் 23-வது வாரம் தயாரானது. வெளிப்பக்கத்தில் காணவில்லையா, உள்பக்கம் இருக்கும். 2019 வண்டி, மீட்டரில் 28,000, நான்கு டயரும் 2022 தயாரிப்பு என்றால் 28,000-க்குள் நான்கும் தேய்ந்தது எப்படி? டயர் சாதாரணமாக 40,000 தாண்டும்.

எல்லாக் கண்ணாடியின் மூலையிலும் தயாரிப்பு ஆண்டுக் குறி இருக்கும். ஒன்று மட்டும் மாறினால் அந்தப் பக்கக் கதவு, பில்லரின் (கூரையைத் தாங்கும் தூண்) பெயின்ட்டை உற்றுப் பாருங்கள்.

சென்னை வண்டி என்றால் 2023 டிசம்பர் வெள்ளம் நினைவிருக்கட்டும். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள். அடியில் சேற்றுக் கோடு தெரிந்தால் பேரமே வேண்டாம். கார்பெட்டைத் துவைப்பார்கள், பெல்ட் சுருளுக்குள் யாரும் கை வைப்பதில்லை. ஸ்டெப்னி குழியையும் சீட் தண்டவாளத் துருவையும் பாருங்கள்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் சேசிஸ் எண்ணின் 17 எழுத்துகளையும் ஆர்.சி.யோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். ஐ, ஓ, க்யூ எழுத்துகள் அதில் வராது. ஓ போலத் தெரிவது பூஜ்யம். எண்ணைச் சுற்றி கிரைண்டர் தடமோ புதுப் பெயின்ட்டோ இருந்தால் கிளம்பிவிடுங்கள்.