பெரியவர் கடலைப் பார்த்தாரா? முன்கதை எழுதும் இயக்குநருக்கு ஒரு பதில்

கேள்வி: நான்கு ஆண்டுகளுக்கு முன் 45 நிமிடப் படம் ஒன்று எடுத்தேன். கதை 1998-இல் கோவில்பட்டியில் நடக்கிறது. கடிகாரம் பழுதுபார்க்கும் பெரியவர் ஒருவர், கடைக்கு வரும் சிறுவனிடம் "நான் கடலையே பார்த்ததில்லை தம்பி" என்கிறார். அவருக்கு எழுபது வயது என்றும் ஒரு வசனம் உண்டு. கடைசியில் சிறுவன் அவரைத் தூத்துக்குடிக் கடற்கரைக்குக் கூட்டிப்போகிறான். அலை வரும்போது பெரியவர் இரண்டு அடி பின்வாங்குவார். அது நடிகர் தானாகச் செய்தது. நன்றாக இருந்ததால் வைத்துக்கொண்டேன். இப்போது அவருடைய இளமைக்காலத்தை முழுநீளப் படமாக எழுதியிருக்கிறேன். அதில் அவர் இருபது வயது இளைஞர். 1964 புயல் அடித்த இரவில் தனுஷ்கோடியில் இருக்கிறார். அந்தப் பகுதிதான் படத்தின் உயிர். ஆனால் பழைய வசனம் இடிக்கிறது. பெரியவர் பொய் சொன்னார் என்று வைத்துக்கொள்ளலாமா, அல்லது பழைய படத்தில் அந்த வசனத்தையே வெட்டிவிடலாமா? கடையில் 4:10-இல் நின்றுபோன சுவர்க்கடிகாரம் ஒன்று தொங்கும். அதற்கும் இதில் காரணம் காட்ட நினைக்கிறேன். இளைஞராக நடிப்பவர் வலக்கைக்காரர், பெரியவரோ இடக்கைக்காரர். இதெல்லாம் கவலைப்பட வேண்டியவையா?

பதில்: வசனத்தை வெட்டாதீர்கள். பெரியவர் பொய்தான் சொன்னார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கை மாறுவதைச் சமாளிக்கலாம். கடிகாரத்தை மட்டும் தொடவே வேண்டாம். இவற்றையெல்லாம் விடப் பெரிய ஓட்டை ஒன்று உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது, நீங்கள் அதைக் கேட்கவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

முன்கதை எழுதுபவர்கள் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "இது பழைய படத்தோடு முரண்படுகிறதா?" என்பதுதான். திரைக்கதைகளைப் படித்துப் பிழை பார்த்துக் கொடுப்பதே என் வேலை. முரண்பாட்டைக் கண்டுபிடிப்பது எளிது. நல்ல ஞாபகசக்தி உள்ள ரசிகர் ஒருவர் போதும். நான் கேட்பது வேறு. முன்கதை தெரிந்த கண்ணோடு பழைய படத்தைத் திரும்பப் பார்க்கும்போது, அந்தப் பழைய காட்சிக்குக் கனம் கூடுகிறதா, குறைகிறதா? கூடினால் முரண்பாட்டைப் பார்வையாளர் மன்னிப்பார். பல நேரம் கொண்டாடவும் செய்வார். குறைந்தால், கணக்கு எவ்வளவு சரியாக இருந்தாலும் பழைய படத்தைக் கெடுத்துவிட்டீர்கள் என்றுதான் சொல்வார். அவர் சொல்வது சரிதான்.

இதற்கு ஸ்டார் வார்ஸ் என்ற ஹாலிவுட் பட வரிசையைப் போல நல்ல பாடம் வேறு இல்லை. முதல் ஆறு படங்களில், கதையின் பின்பாதி 1977, 1980, 1983-இல் வந்தது. முன்பாதி 1999, 2002, 2005-இல் வந்தது. 1983 படத்தில் கதாநாயகன் லூக் தன் தங்கை லேயாவிடம், உன்னைப் பெற்ற தாயை நினைவிருக்கிறதா என்று கேட்கிறான். கொஞ்சம் நினைவிருக்கிறது, நான் மிகச் சிறியவளாக இருந்தபோதே இறந்துவிட்டார், அழகானவர், அன்பானவர், ஆனால் சோகமானவர் என்கிறாள் அவள். லூக்குக்குத் தாயின் நினைவே இல்லை. அவன் கைக்கு எட்டாத ஒன்று அவளிடம் இருக்கிறது என்பதில்தான் அந்த உரையாடலின் உருக்கம். 2005 படத்திலோ இரட்டைப் பிள்ளைகளைப் பெற்ற உடனே தாய் இறந்துவிடுகிறார். பிறந்து சில நிமிடங்களே ஆன குழந்தைக்குத் தாயின் சோகம் எப்படித் தெரியும்? ஏதோ அபூர்வ சக்தியால் உணர்ந்தாள் என்று ரசிகர்கள் சமாதானம் சொல்வார்கள். விளக்கம் கிடைத்துவிடுகிறது, ஆனால் பழைய காட்சியில் ஒரு பெண் தன் தாயை நினைத்துப் பேசிய அந்த எளிமை திரும்பி வருவதில்லை.

இப்போது எதிர்ப்பக்கத்தைப் பாருங்கள். 1977 படத்தில் என் தந்தை எப்படி இறந்தார் என்று லூக் கேட்கிறான். முதியவர் ஓபி-வானாக நடித்த அலெக் கின்னஸ் உடனே பதில் சொல்வதில்லை. ஒரு கணம் தயங்குகிறார். பிறகுதான், டார்த் வேடர் அவரைக் காட்டிக்கொடுத்துக் கொன்றுவிட்டான் என்கிறார். அந்தத் திரைக்கதையில் வில்லன் வேடரே லூக்கின் தந்தை என்பது கிடையாது. 1980-இல் அடுத்த படம் அதை வெளிப்படுத்தியபோது ஓபி-வான் சொன்னது பொய்யாகிவிட்டது. 1983-இல் அவரே வந்து, ஒரு கோணத்தில் பார்த்தால் நான் சொன்னது உண்மைதான் என்கிறார். அந்தச் சாக்கு எனக்கு ஒருபோதும் பிடித்ததில்லை, சாக்கே தேவைப்படவில்லை. கின்னஸின் அந்தத் தயக்கமே போதும். முதலில் அது ஒரு முதியவரின் துயரமாகத் தெரிந்தது. உண்மை தெரிந்தபின் பார்த்தால், ஒரு பையனிடம் எதைச் சொல்வது, எதை மறைப்பது என்று ஒரு மனிதர் முடிவெடுக்கும் கணமாகத் தெரிகிறது.

உங்கள் நடிகரின் அந்த இரண்டு அடியும் அப்படித்தான். இன்று பார்க்கும்போது, கடலை முதன்முதலாகக் காணும் ஒருவரின் மிரட்சி அது. தனுஷ்கோடி தெரிந்தபின் பார்த்தால், 34 ஆண்டுகளாகக் கடலிலிருந்து விலகியே வாழ்ந்த ஒருவர், ஒரு சிறுவனின் ஆசைக்காக அதன் முன்னால் வந்து நிற்கிறார். அவர் அந்தக் காட்சியில் கைகொட்டிச் சிரித்திருந்தால் உங்கள் முன்கதையை வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன். அப்போது சிறுவனின் பரிசு ஏமாற்றப்பட்ட பரிசாகிவிடும். அவர் பின்வாங்கியதால் பிழைத்தீர்கள்.

ஆனால் பொய்யைச் சும்மா அறிவித்துவிட்டுப் போகக் கூடாது. அது பிறந்த இடத்தை முன்கதையில் காட்ட வேண்டும். கோவில்பட்டிக்கு வந்து சேர்ந்த புதிதில், வேலை கொடுக்கப்போகும் கடைக்காரர் சாதாரணமாகக் கேட்கட்டும்: "கடற்கரைப் பக்கமா நீங்கள்?" அவர் தலையைக்கூட நிமிர்த்தாமல், கையிலிருக்கும் கடிகாரத்தின் பின்மூடியைத் திறந்தபடியே, "நான் கடலையே பார்த்ததில்லை" என்று முதல் முறையாகச் சொல்லட்டும். 'தம்பி' தவிர, பழைய படத்தில் இருக்கும் அதே சொற்கள், கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம். ஆண்டுக்கணக்காகச் சொல்லித் தேய்ந்த வாக்கியம் அது என்பது அதனாலேயே விளங்கிவிடும். விளக்கும் வசனம் ஒன்றுகூடத் தேவைப்படாது.

இனி அந்த ஓட்டை. 1998-இல் அவருக்கு எழுபது வயது என்றால் பிறந்தது 1928. புயல் அடித்த 1964 டிசம்பரில் அவருக்கு 36 வயது. உங்கள் திரைக்கதையில் இருபது. பதினாறு ஆண்டுகள் காணாமல் போயிருக்கின்றன! வசனத்தையும் உணர்ச்சியையும் பார்த்துப் பார்த்து எழுதுபவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இந்தக் கழித்தல் கணக்கில்தான். வயது, ஆண்டு, பிள்ளைகளின் வயது ஆகிய மூன்றையும் ஒரே தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவையுங்கள்.

எழுபது என்ற வசனத்தை மாற்றி ஒலிப்பதிவு செய்துவிடலாம் என்று தோன்றும். செய்யாதீர்கள். 36 வயது உங்களுக்குக் கிடைத்த வரம் என்று நினைக்கிறேன். இருபது வயது இளைஞன் புயலில் எதை இழப்பான்? ஒரு காதலை. அதை நிறைய பார்த்துவிட்டோம். 1964-இல் 36 வயது ஆணுக்கு மனைவி இருப்பார், பள்ளிக்குப் போகும் பிள்ளை இருக்கும். தனுஷ்கோடி அன்று ரயில் நிலையமும் தபால் நிலையமும் தேவாலயமும் இருந்த ஊர். இலங்கையின் தலைமன்னாருக்குக் கப்பல் புறப்பட்ட துறைமுகம். ரயிலும் கப்பலும் நேரத்தை நம்பி ஓடிய ஊரில் கடிகாரம் பழுதுபார்ப்பவருக்கு வேலை இருந்திருக்கும். டிசம்பர் 22 இரவு கடல் அந்த ஊருக்குள் வந்தது. பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயில் அதில் இருந்தவர்களோடு சேர்ந்து போனது. மறுநாள் அந்த மனிதரிடம் எது மிஞ்சியது? உங்கள் முதல் படத்தில் பெரியவர் தனியாக வாழ்கிறார் என்று நினைக்கிறேன். கடிதத்தில் குடும்பம் பற்றி ஒரு சொல் இல்லை. ஏன் தனியாக இருக்கிறார் என்று அந்தப் படம் கேட்கவே இல்லை என்றால், உங்கள் முன்கதைக்கு அதுதான் வாசல். ஒரு சிறுவனிடம் அவர் ஏன் அவ்வளவு பாசம் காட்டினார் என்பதும் அப்போது வேறாகத் தெரியும். காதல் கதையை விட்டுக்கொடுப்பது வலிக்கும், தெரியும். ஆனாலும் விட்டுக்கொடுங்கள்.

கடிகாரத்துக்கு வருகிறேன். 1982-இல் வந்த 'த திங்' படத்தில், அன்டார்டிகாவில் எரிந்து கிடக்கும் நார்வே முகாமுக்கு அமெரிக்கர்கள் போகிறார்கள். கதவில் பாய்ந்த கோடரி, நாற்காலியில் உறைந்த பிணம், நடுவில் குடையப்பட்ட பனிக்கட்டி, வெளியே இரண்டு முகங்கள் ஒன்றாக இளகிக் கருகிய உடல். என்ன நடந்தது என்று யாரும் சொல்வதில்லை. 2011-இல் வந்த முன்கதை அந்த முகாமின் கதையை எடுத்துக்கொண்டு, போலீஸ் துப்பறிவதுபோல இந்தத் தடயங்களுக்கு விடை தந்தது. உழைப்பு அசாத்தியமானது. ஒரு இடத்தில் நல்ல சாமர்த்தியமும் உண்டு: யார் மனிதர், யார் மனித உருவெடுத்த வேற்றுக்கிரக உயிர் என்று கண்டறியும் ரத்தச் சோதனை பழைய படத்தின் உச்சக் காட்சி, அதை முன்கூட்டியே செலவழித்துவிடாமல், ரத்தச் சோதனை நடக்கும் முன்பே ஆய்வுக்கூடத்தை எரித்துவிட்டு, பல்லில் அடைத்த உலோகத்தைப் பார்க்கும் வேறொரு சோதனையை வைத்தார்கள். உங்களுக்கும் இது உதவும்: பழைய படத்தில் ஒன்று 'முதன்முறையாக' நடந்தால் அதை முன்கதையில் நடத்தாதீர்கள். ஆனால் அந்தக் கோடரியும் நாற்காலியும்? 1982 படத்தை இன்று பார்க்கும்போது, இருட்டில் ஏதோ பயங்கரம் என்ற உணர்வு போய், ஆம், இது இன்னார் செய்தது, அது இன்னார் என்று சரிபார்க்கும் பட்டியலாகிவிடுகிறது. முரண்பாடு இல்லைதான், ஆனால் காட்சி இளைத்துவிட்டது.

4:10 அப்படிப்பட்டது. புயலில் நின்றது என்று காட்டினால் ஊரே கைதட்டும், அடுத்த நாள் மறந்துவிடும். கடிகாரம் பழுதுபார்ப்பவர் கடையில் ஒரு கடிகாரம் மட்டும் பழுதுபார்க்கப்படாமல் தொங்குவதன் அழகு, அவர் அதைத் தொடாததில் இருக்கிறது.

பழைய கதையின் ஒரு நிகழ்வைக்கூட மாற்றாமல் அதன் பொருளை அடியோடு மாற்றும் முன்கதையும் உண்டு. நம்மிடம் அதற்குச் சிலப்பதிகாரத்திலேயே எடுத்துக்காட்டு இருக்கிறது. மதுரை தீப்பற்றிய பின் மதுராபதித் தெய்வம் கண்ணகியிடம் கோவலனின் முற்பிறப்பைச் சொல்கிறது. கலிங்க நாட்டுச் சிங்கபுரத்தில் அவன் பரதன் என்ற பெயரோடு அரச ஊழியத்தில் இருந்தான். சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் என்று காட்டிக்கொடுத்துக் கொல்லவைத்தான். சங்கமனின் மனைவி நீலி இட்ட சாபம் இப்போது பலித்தது. கொலைக்களக் காட்சியில் ஒரு வரியும் மாறவில்லை, ஆனால் பாண்டியனின் அநீதி திடீரென்று ஊழின் வேலையாகிவிடுகிறது. எனக்கு அந்த இடம் இன்றும் நெருடும். இருந்தாலும், ஊழ்வினை வந்து ஊட்டும் என்று நூலின் முன்னுரையான பதிகத்திலேயே சொல்லி வைத்திருப்பதால், புலவர் கடைசியில் திணித்தார் என்று குறைசொல்ல முடியாது. நீங்களும் கவனிக்க வேண்டியது இது. பெரியவரைப் புயலில் ஏதாவது குற்றம் செய்தவராகக் காட்டும் ஆசை வரும். யாரையோ கைவிட்டு ஓடிவந்தார் என்று எழுதினால் நாடகம் கூடும். ஆனால் முதல் படத்தில் சிறுவன் நம்பிய மனிதர் வேறொருவராகிவிடுவார். அதற்கான விதை முதல் படத்தில் எங்காவது இருக்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள். இல்லாவிட்டால் வேண்டாம்.

கை விஷயம் எளிது. இளைய நடிகரை எல்லாவற்றையும் இடக்கையால் செய்யப் பழக்க வேண்டியதில்லை. அந்தத் தலைமுறையில் இடக்கைக்காரர்களையும் வலக்கையால் சாப்பிடவும் எழுதவும் வைத்துவிடுவார்கள். ஸ்க்ரூடிரைவர், இடுக்கி, கண்ணில் மாட்டும் லென்ஸ் ஆகிய மூன்றை மட்டும் பழக்குங்கள். மிக நெருங்கிய காட்சிகளுக்கு உண்மையான இடக்கைக்காரர் ஒருவரின் கைகளை எடுத்துக்கொள்ளுங்கள். படத்தொகுப்பில் காட்சியை இடம்வலம் திருப்பிவிடலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். கடிகார முகப்பு காட்டிக்கொடுத்துவிடும். எண்களும் முள் சுற்றும் திசையும் மாறிவிடும்.

கலை இயக்குநரிடம் சொல்ல இரண்டு: 1964 கடையில் பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் கைக்கடிகாரம் ஒன்றுகூட இருக்கக் கூடாது, சாவி கொடுப்பவைதான், குவார்ட்ஸ் கைக்கடிகாரம் 1969 இறுதியில்தான் முதலில் விற்பனைக்கு வந்தது. கோவில்பட்டிக் கடைப் பலகையில் மாவட்டம் எழுதினால் திருநெல்வேலி என்று எழுதுங்கள். தூத்துக்குடி மாவட்டம் 1986-இல் பிரிந்தது.

கடைசியாக ஒன்று. புயலுக்கு முந்தைய காட்சிகளில் அவர் கடலோடு நெருக்கமாக இருக்கட்டும். முழங்கால் தண்ணீரில் நின்று பேசட்டும், பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு அலைக்குள் நடக்கட்டும். அந்தப் படத்தில் அவர் ஒருமுறைகூட அலையைக் கண்டு பின்வாங்கக் கூடாது. புயல் இரவிலும்கூட. முதன்முதலாக அவர் பின்வாங்குவது 1998-இல், தூத்துக்குடியில், அந்தச் சிறுவனுக்குப் பக்கத்தில் நின்றபோதாகத்தான் இருக்க வேண்டும்.